உங்கள் ஊர் ஏரிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி

"சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்யணும், ஒரு குழு ஆரம்பிக்கப் போறோம், யோசனை சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, பேர் வைத்துவிட்டீர்களா என்றுதான். பேர் வைத்தாயிற்று, லோகோ ரெடி, டீ-ஷர்ட்டுக்கும் சொல்லியாயிற்று என்றால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கும். ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரி மாவட்டம் என்றே பேர் வாங்கிய இடத்தில், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு ஏரியை வைத்துக்கொண்டு, அதை ஒரு நாள் கூட முழுசாகச் சுற்றிப் பார்க்காமல், எடுத்தவுடன் கரையோரம் இருநூறு மரக்கன்று நட்டோம். பேனர், மைக், சாமியானா எல்லாம் இருந்தது. சித்திரை முடிவதற்குள் பாதி காய்ந்தது, மீதியை ஆடு மேய்ந்தது. நட்ட இடமே தப்பு என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அது தண்ணீர் வற்றும்போது உள்ளான், ஆள்காட்டி மாதிரிக் கரையோரப் பறவைகள் இரை தேடும் வெட்டவெளி. அங்கே மரமே தேவையில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் ஒரு வருடம் எதையும் நடாதீர்கள், எதையும் வெட்டாதீர்கள். ஒரே ஏரி, மாதம் ஒரு முறை, எல்லா மாதமும் அதே ஞாயிறு. போய் நடங்கள், பறவைகளைப் பாருங்கள், எண்ணுங்கள். செய்ய வேண்டிய வேலை என்ன என்பதை அந்த நடையே காட்டிக் கொடுக்கும்.

எந்த ஏரி, யாருடைய ஏரி

பெரிய பேர் எடுத்த இடமாகத் தேடாதீர்கள். வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் போக ஆள் இருக்கிறது. 2022-இல் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டன. உங்களுக்கு வேண்டியது உறுப்பினர்களில் பாதிப் பேராவது சைக்கிளில் வந்து சேரக்கூடிய இடம். தூரம் கூடினால் மூன்றாவது மாதமே கூட்டம் கரைந்துவிடும்.

ஏரி யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். சிலது வனத்துறையிடம். கரையில் நடந்து பறவை பார்க்க மட்டும் என்றால் பெரும்பாலான ஊர் ஏரிகளில் யாரும் கேட்கப் போவதில்லை, வனத்துறை இடமாக இருந்தால் மட்டும் கட்டாயம் அனுமதி வேண்டும். ஆனால் பின்னால் குப்பை எடுக்க, செடி அகற்ற என்று இறங்கும்போது எல்லா இடத்திலும் கடிதம் தேவைப்படும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, நேரில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கி வையுங்கள். அந்தச் சீல் போட்ட நகல் எங்களை மூன்று தடவை காப்பாற்றியிருக்கிறது.

அலுவலகத்தை விட முக்கியமான ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். மீன் குத்தகை எடுத்தவர், ஆடு மேய்ப்பவர், மதகைத் திறந்து மூடும் பெரியவர். மடையைத் திறப்பவர் மடையன். இன்று அது திட்டும் சொல்லாகிவிட்டது, ஆனால் ஒரு ஊருக்கே தண்ணீர் பங்கு வைத்தவர் அவர். எங்கள் ஏரியில் அந்த வேலை பார்த்த தாத்தாவிடம் முதல் முறை பேசியபோது, "கலங்கல் எந்த வருஷம் கடைசியா வழிஞ்சுது தாத்தா?" என்று கேட்டோம். கலங்கல் என்றால் ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழியும் இடம். பதிலுக்கு அவர் முக்கால் மணி நேரம் பேசினார். எந்த வரத்துக் கால்வாய் எந்த வீட்டு மனைக்கு அடியில் போனது என்பது வரை சொன்னார். வரைபடத்தில் அது இல்லை. இவர்களிடம் முதலிலேயே போய் "நாங்க இன்னார், மாசம் ஒரு நாள் வந்து கொக்கு குருவி பார்த்துட்டுப் போவோம்" என்று சொல்லி வைக்காவிட்டால், கழுத்தில் பைனாகுலர் மாட்டிய இருபது பேரைப் பார்த்து நிலம் அளக்க வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். எங்களை நினைத்தார்கள்.

நடை நாள்

காலை 6:15-க்குக் கூடி 8:30-க்குள் முடியுங்கள். அதற்கு மேல் வெயில் ஏறிவிடும், பறவையும் அடங்கிவிடும், பசியும் வந்துவிடும். இன்னொன்று, நம் பக்கத்தில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் ஏரிக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் எல்லாம் கருப்புப் பொம்மைதான், புதிதாக வந்தவர் அன்றோடு சரி.

இருபது பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். முன்னால் ஒருவர் போக, கடைசியில் ஒருவர் வாலாக வர வேண்டும். அந்த வால் ஆள்தான் உண்மையில் முக்கியம். செல்போனில் பேசிக்கொண்டே பின்தங்குபவர், திடீரென்று தண்ணீரில் கால் நனைக்க இறங்கும் பையன், கேள்வி கேட்கக் கூச்சப்படும் அம்மா, எல்லாரும் அவரிடம்தான் மாட்டுவார்கள்.

முந்தின நாளே நீங்கள் மட்டும் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். கரையில் எங்கே உடைப்பு, எந்த மரத்தில் மலைத்தேனீக் கூடு, மண் அள்ளிய பள்ளம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பள்ளங்களைப் பற்றி விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலே தண்ணீர் முழங்கால் அளவு போலத் தெரியும், ஓரடி தள்ளி ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்பதை நடையைத் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். கரைப் புதரில் கண்ணாடி விரியன் சாதாரணம். பக்கத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், 108 வந்து நிற்க வழி எந்தப் பக்கம் என்றும் பார்த்து வையுங்கள்.

அப்புறம் கழிப்பறை. ஆண்கள் நடத்தும் குழுக்களுக்கு இது தோன்றவே தோன்றாது, எங்களுக்கும் தோன்றவில்லை. ஆறு மாதம் வரை பெண்கள் ஏன் ஒரு தடவை வந்துவிட்டு மறுபடி வருவதில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு அக்காதான் போட்டு உடைத்தார். இப்போது ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு உறுப்பினர் வீட்டில் கூடி, அங்கிருந்து கிளம்பி, அங்கேயே வந்து டீ குடித்து முடிக்கிறோம். அவ்வளவுதான் செய்தோம், அடுத்த மாதமே வித்தியாசம் தெரிந்தது.

நடக்கும்போது நீங்கள் பேசுவதைக் குறையுங்கள். பறவை தெரிந்தவருக்கு வரும் முதல் வியாதி, தெரிந்ததையெல்லாம் சொல்வது. முதல் நடைக்கு ஐந்து பறவை போதும். மடையான் என்ற சின்னக் கொக்கில் ஆரம்பியுங்கள். வரப்போரம் மண் நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், காட்டினாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு அடி எடுத்து வைத்தால் குபீரென்று வெள்ளைச் சிறகோடு கிளம்பும். மண் நிறத்தில் இருந்தது எப்படி வெள்ளையாகப் பறந்தது என்று ஒரு குழந்தையாவது கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய நடை தேறிவிட்டது.

தமிழ்ப் பெயர்களையே சொல்லுங்கள், அவையே பாதி பாடம் நடத்திவிடும். நெற்றியில் நாமம் போட்டிருந்தால் நாமக்கோழி. உடம்பெல்லாம் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே நீண்டால் பாம்புத்தாரா. நத்தையைக் குத்தித் தின்பது நத்தைக்குத்தி நாரை. அதன் அலகுக்கு நடுவே இடைவெளி தெரியும், பைனாகுலரில் காட்டுங்கள். பைனாகுலர் என்றதும் ஞாபகம் வருகிறது, 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை ஆட்டத்தில் எதுவும் நிற்காது. குழுவுக்கு நான்கு இருந்தால் இருபது பேர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

போன வைகாசியில் நடந்த ஒன்று. கரை ஓரத்துச் சரளையில் ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமடித்தது. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அந்தப் பெயர், நாங்கள் அதைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தோம். வாலாக வந்தவர் "அப்படியே நில்லுங்க" என்றார். எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் ஷூவிலிருந்து ஒரு சாண் தள்ளி நான்கு முட்டைகள். கூம்பு முனை நான்கும் உள்பக்கம் பார்க்க, சரளைக் கல்லோடு கல்லாக, புள்ளி புள்ளியாக. கூடு என்று ஒன்றும் கிடையாது, லேசான குழிதான். வந்த தடத்திலேயே பின்னால் போய், வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு, தூரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தாய்ப்பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அது அப்படிச் செய்யும். அந்த இடத்தை யாரும் போட்டோ எடுக்க விடவில்லை, இடக்குறிப்போடு எங்கேயும் பகிரவும் இல்லை. கூடு, முட்டை, குஞ்சு என்றால் எங்கள் விதி அது, விவாதமே கிடையாது. பங்குனியிலிருந்து ஆவணி வரை கரைச் சரளையை ஒட்டி நடப்பதையே இப்போது விட்டுவிட்டோம்.

எண்ணுவது

பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது, எழுதி வைக்க வேண்டும். ஈபேர்ட் செயலியில் பட்டியல் போடலாம், இலவசம்தான். எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எந்தப் பறவை எத்தனை. தெரிந்த எல்லாவற்றையும் போட வேண்டும். காக்காயும் மைனாவும் எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. நூறு நாமக்கோழியை எப்படி எண்ணுவது என்று எல்லாரும் கேட்பார்கள். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவாகப் பத்துப் பத்தாக நகர்த்துங்கள். மூன்று பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் நாலைந்து மாதத்தில் கிட்டத்தட்ட ஒரே எண் வரத் தொடங்கும்.

புது ஆட்களை இழுக்க நல்ல சமயம் தை. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015-இல் ஆரம்பித்தது. குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்துப் பட்டியல் போட்டால் போதும், மொட்டைமாடியிலிருந்தும் போடலாம். ஊருக்கு வந்த அண்ணன் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போங்கள். ஜனவரியிலேயே ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் வரும், 1987 முதல் நடப்பது. அந்த நேரத்தில்தான் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வலசை வந்திருக்கும், ஏரியிலும் தண்ணீர் இருக்கும். வனத்துறை நடத்தும் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்ப்பார்கள், அனுபவம் உள்ளவர்களோடு ஒரு நாள் நடந்தால் ஆறு மாதப் படிப்பு.

இந்தப் பட்டியல்களுக்கு இன்னொரு பயன் உண்டு. ஏரிக்குள் நடைபாதை போடப் போகிறார்கள், நடுவில் மண் கொட்டப் போகிறார்கள் என்று பேச்சு வரும்போது, "இங்கே நிறையப் பறவை வரும் சார்" என்று சொல்வதற்கும், மூன்று வருடத்துப் பட்டியலை மாதவாரியாக மேசைமேல் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கையில் மண் படும் வேலை

ஒரு வருடம் நடந்தாயிற்று என்றால், சரி, இனி வேலை. குப்பை எடுப்பதில்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள், அதில்தான் அதிகம் சொதப்புவார்கள். எங்கள் முதல் குப்பை நாளில் 32 மூட்டை சேர்த்தோம். எடுத்துப் போக வண்டி வரும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பினோம். வரவில்லை. மூன்றாம் நாள் நாய்கள் கிழித்து, காற்று பரப்பி, பழையபடி ஏரிக்கே போய்ச் சேர்ந்தது. அதனால் வண்டி உறுதியான பிறகுதான் தேதி போட வேண்டும், ஆள் சேர்ப்பது அதற்கப்புறம். உடைந்த பாட்டில் இருக்கும் இடத்துக்கு ரப்பர் கையுறை உதவாது, தோல் கையுறை வாங்குங்கள். அறுந்த நைலான் வலைத் துண்டுகளைக் கண்டால் அதை முதலில் எடுங்கள், நீர்க்காகமும் பால் ஆமையும் அதில் சிக்கிச் சாவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எடுத்ததை வகைவாரியாக எண்ணி எழுதுங்கள். எங்கள் கணக்கில் பாதிக்கு மேல் தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும்தான் இருந்தன, அதுவும் கல்யாண மண்டபம் இருக்கும் மூலையில். மண்டபத்துக்காரரிடம் போய்ப் பேசி, அவரே ஒரு தொட்டி வைத்தார். அதற்கப்புறம் அந்த மூலைக்கு நாங்கள் போகும் அவசியமே குறைந்துவிட்டது.

ஆகாயத்தாமரையை எடுப்பது முதுகை முறிக்கும் வேலை. எடுத்ததைக் கரையோரம் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும், அதனால் கரையைத் தாண்டி வெளியே கொண்டுபோய்க் காய விடுங்கள். இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. ஒரு நாள் விழாவாகச் செய்து பயனில்லை. வரத்துக் கால்வாய் வாயில் மட்டும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு வாரா வாரம் எடுத்தால் ஓரளவு நிற்கும். சாக்கடை கலப்பது நிற்காமல் அது முழுசாகப் போகாது என்பதையும் ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும், அதற்குத் துறை அனுமதியும் இயந்திரமும் வேண்டும். அதோடு, மரத்தில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மரம் எதுவும் மிஞ்சாத ஏரியில் கொக்கும் நீர்க்காகமும் அதில்தான் கூடு கட்டும். மார்கழியிலிருந்து வைகாசி வரை அந்தப் பக்கம் இயந்திரமே கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. இதற்கு எங்கள் குழுவிலேயே இன்னும் சண்டை நடக்கிறது.

நட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால் பனை விதையுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது பொறுக்கி, வடகிழக்கு மழைக்கு முன்னால் கரை ஓரத்தில் பத்தடிக்கு ஒன்று, ஓரடிக் குழியில் போட்டு மூடினால் முடிந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடும் அவ்வளவாகத் தொடாது. முதலில் கீழே கிழங்கு இறங்கும், மேலே ஓலை தெரிய மாதக்கணக்கில் ஆகும், எனவே ஒன்றுமே முளைக்கவில்லை என்று பதறாதீர்கள். நாங்கள் விதைத்த முதல் வரிசையை யாரோ பொங்கலுக்குப் பனங்கிழங்காகத் தோண்டித் தின்றுவிட்டார்கள். கோபப்பட்டு என்ன செய்ய, மறு வருடம் இரண்டு மடங்காக விதைத்தோம்.

ஏரியே அலுத்துப் போகிறது என்றால் நடுவில் வேறு நடையும் வைக்கலாம். காலி மனையில் எருக்கஞ்செடியைச் சுற்றி நின்று வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவைத் தேடலாம். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்குப் போட்டு இரவில் அந்துப்பூச்சி பார்க்கலாம், செலவே இல்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவுக் கடலாமை நடைக்குப் போகலாம், 1988 முதல் எஸ்எஸ்டிசிஎன் என்ற மாணவர் குழு கடற்கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது. ஆமை நடையை நீங்களே தனியாக நடத்தாதீர்கள், டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், முட்டையைத் தொடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் அந்தக் கரையில் செத்து ஒதுங்கியபோது நடந்து போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். குழந்தைகளை அதற்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார்கள். கூட்டிப் போனேன். இன்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

பணம், பேனர், வாட்ஸப்

நடைக்குக் கட்டணம் வேண்டாம், டீக்காசு மட்டும் பங்கு போடுங்கள். பேனரோடு யாராவது உதவ வந்தால், பேனர் இல்லாமல் வரச் சொல்லுங்கள். வருபவர்களில் பாதிப் பேர் குறைவார்கள், மீதி உருப்படியான ஆட்கள். வாட்ஸப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்குத் தடை, அதை மீறும் முதல் ஆள் எப்போதும் தலைவர்தான்.

இரண்டாவது வருடத்தில் நடையை வேறொருவரிடம் விடப் பழகுங்கள். போன கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல், நடையை ரத்து செய்யலாமா என்று கேட்க நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். ஒன்பது மணிக்கு எழுந்து பார்த்தால் குழுவில் பட்டியல் வந்திருந்தது. பதினோரு பேர் போயிருக்கிறார்கள், 41 வகை. போட்டது அந்த ஆள்காட்டி முட்டைக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா. அதில் ஒரு தவறு இருந்தது, தாழைக்கோழியை நாமக்கோழி என்று போட்டிருந்தார். "நாமம் வெள்ளைங்க, நீங்க போட்டோல காட்டினது சிவப்பு" என்று எழுதி அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன்.